பிள்ளைகளோடு காரில் வரும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

இங்கு நாங்கள் நலம். பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோவிலில் சின்னவனுக்கு முடி இறக்க எல்லோரும் காரிலேயே வருவதாக மாப்பிள்ளை சொன்னார். ரயிலில் இடம் கிடைக்காதபோது வேறு வழியில்லை. ஆனால் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. பத்து மாதக் கைக்குழந்தையும் ஐந்து வயதுப் பெண்ணும் உடன் வருகிறார்கள். சின்னவன் அழுதால் மடியில் எடுத்து வைத்துக்கொள்வதாகவும், அத்தையும் அதையே சொல்வதாகவும் நீ பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். தொலைபேசியில் பதில் சொன்னால் பாதியிலேயே பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்த காலத்தில், விபத்துக்குள்ளான வண்டிகளைக் காவல் நிலைய வளாகத்தில் பார்வையிட்டு அறிக்கை கொடுப்பது என் வேலைகளில் ஒன்று என்பது உனக்குத் தெரியும். பிரேக் வேலை செய்ததா, ஸ்டீயரிங் சரியாக இருந்ததா, டயர் தேய்ந்திருந்ததா என்று பார்த்துக் குறித்தால் வேலை முடிந்தது. ஆனாலும் வண்டிக்குள் பார்க்காமல் திரும்ப முடியாது. முன்கண்ணாடியின் இடப்பக்கத்தில், பெரியவர் தலை படும் உயரத்துக்கு வெகுவாகக் கீழே வட்டமாக ஒரு விரிசல் இருந்தால், மடியில் யாரோ இருந்திருக்கிறார்கள் என்று புரிந்துவிடும். பின் இருக்கையைப் பார்த்தால், பெல்ட் கொக்கிகள் அழகுக்காகப் போட்ட சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். மாப்பிள்ளையின் வண்டியிலும் அப்படி இருக்கிறதா என்று இன்றே பார். இருந்தால் கவரைக் கழற்றிக் கொக்கிகளை வெளியே எடுத்து வை.

மடி ஏன் போதாது என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் நகர்கிறது. அது எதன் மீதாவது மோதி நின்றாலும், கட்டப்படாத உடல் அதே வேகத்தில் முன்னே போகும். பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, விழுபவர் தரையைத் தொடும் வேகமும் அதுதான். ஒன்பது கிலோ எடையுள்ள நம் சின்னவனை நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் பிடித்து நிறுத்த வேண்டுமானால் 250 கிலோ எடையைத் தாங்கும் பலம் கைக்கு வேண்டும். நான்குவழிச் சாலையில் நீங்கள் நூறு கிலோமீட்டரில் வருவீர்கள். வேகம் இரட்டிப்பானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. அன்புக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. தாய் பெல்ட் போடாமல் இருந்தால் அவள் உடல் எடையே குழந்தையை முன் இருக்கையோடு சேர்த்து நசுக்கும். ஒரே பெல்ட்டைத் தனக்கும் மடியிலிருக்கும் குழந்தைக்கும் சேர்த்துப் போட்டால் பெல்ட்டுக்கும் தாய்க்கும் நடுவில் குழந்தை அகப்படும்.

பின் இருக்கை என்றாலே பத்திரம் என்ற எண்ணமும் வேண்டாம். 2022 செப்டம்பரில் மும்பை–அகமதாபாத் நெடுஞ்சாலையில், சூர்யா ஆற்றுப் பாலத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தில், விலை உயர்ந்த வண்டியின் பின் இருக்கையில் பெல்ட் அணியாமல் இருந்த இருவரும் உயிரிழந்தார்கள். முன் இருக்கையில் இருந்த இருவரும் காயங்களோடு பிழைத்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று மாப்பிள்ளை கேட்கக்கூடும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 194பி பிரிவின்படி, 14 வயது நிறையாத குழந்தையைப் பெல்ட்டாலோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையாலோ கட்டாமல் வண்டி ஓட்டினால் ஆயிரம் ரூபாய் அபராதம். இதில் 'பெல்ட்டாலோ' என்று இருப்பதைப் பிடித்துக்கொண்டு பெரியவளுக்கு வண்டியின் பெல்ட்டையே மாட்டிவிட்டால் சட்டம் திருப்தி அடையும். ஆனால் வளர்ந்தவர்களின் அளவுக்குச் செய்த அந்தப் பெல்ட் அவள் கழுத்திலும் வயிற்றிலும்தான் போய் உட்காரும். மோதலில் வயிற்றின் மீது இறங்கும் பெல்ட் குடலையும் கல்லீரலையும் கிழிக்கும். ஆகவே அவளுக்கு முதுகுச் சாய்வுள்ள பூஸ்டர் இருக்கை, அதாவது வண்டியின் பெல்ட் சரியான இடத்தில் படியும்படி பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை, வாங்கு. கீழ்ப்பட்டை இடுப்பெலும்பின் மீதும், மேல்பட்டை தோளின் நடுவிலும் படிய வேண்டும். கழுத்தை உரசுகிறது என்று அவள் பட்டையை அக்குளுக்குக் கீழே தள்ளுவாள், விடாதே. ஏறக்குறைய 145 சென்டிமீட்டர் உயரம் வளரும்வரை அவளுக்கு அந்த இருக்கை தேவை.

சின்னவனுக்குப் பின்னோக்கிய இருக்கைதான், அதாவது வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்து உட்கார வைக்கும் இருக்கை. அதில் பேச்சுக்கே இடமில்லை. கைக்குழந்தையின் தலை உடல் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு; கழுத்தெலும்புகள் இன்னும் முழுதாக இறுகவில்லை. முன்னோக்கி உட்கார்ந்த குழந்தையின் உடலைப் பட்டை பிடித்துக்கொள்ள, தலை மட்டும் முன்னே வீசப்படும். இழுவை முழுவதும் கழுத்தில் விழும். பின்னோக்கி அமர்ந்தால் அதே விசை தலை, கழுத்து, முதுகு முழுவதும் பரவி இருக்கையின் ஓட்டில் இறங்கிவிடும். ஸ்வீடனில் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன், விண்வெளி வீரர்கள் புறப்படும்போது மல்லாந்து சாய்ந்து முதுகால் விசையைத் தாங்குவதைப் பார்த்துத்தான் இதை யோசித்தார். 1964இல் முதல் மாதிரி சோதிக்கப்பட்டது. அந்நாட்டில் இன்றும் நான்கு வயதுவரை பிள்ளைகளைப் பின்னோக்கியே உட்கார வைக்கிறார்கள். கால் மடங்குகிறதே என்று அத்தை வருத்தப்படுவார்கள். கால் மடங்குவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று பக்குவமாகச் சொல்.

உன் நாத்தனார் பழைய இருக்கை ஒன்று தருவதாகச் சொன்னாய். அவர்கள் வண்டி எப்போதாவது மோதியதா என்று கூச்சப்படாமல் கேள். ஒரு முறை மோதலைத் தாங்கிய இருக்கை மறுமுறை தாங்காது. பக்கவாட்டிலோ பின்புறமோ ஆர்129 அல்லது ஆர்44 என்று பாதுகாப்புத் தரத்தின் எண்ணைக் காட்டி ஒட்டிய சீட்டும் தயாரித்த ஆண்டும் தெரிகின்றனவா என்று பார். பின் இருக்கையின் முதுகுப்பகுதியும் அமரும் பகுதியும் சேரும் இடுக்கில் விரலை விட்டால் இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்படும். ஐசோஃபிக்ஸ் என்பது அதுதான். இருக்கையின் கொக்கிகளை அதில் 'க்ளிக்' என்று விழும்வரை தள்ளிய பிறகு அடிப்பகுதியைப் பிடித்து ஆட்டிப் பார். ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. குழந்தையை உட்கார வைத்து இறுக்கியதும் தோள் அருகே பட்டையை இரண்டு விரலால் கிள்ளு. மடிப்பு பிடிபட்டால் இன்னும் தளர்வாக இருக்கிறது என்று பொருள். வெயிலில் நின்ற வண்டியில் கொக்கியின் உலோகம் தொடையைச் சுட்டுவிடும். இறங்கும்போது அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு வை.

எக்காரணத்தைக் கொண்டும் சின்னவனின் பின்னோக்கிய இருக்கையை முன்னால் வைக்க வேண்டாம். ஏர்பேக் நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் விரிந்து அந்த இருக்கையின் முதுகில், அதாவது சின்னவன் தலைக்குப் பின்னால், அடிக்கும். முன் இருக்கையின் வெயில் மறைப்பில் இதற்கான எச்சரிக்கைப் படம் ஒட்டியிருக்கும்.

அழுகைக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லா உறுதியும் உடைவது அங்கேதான். அவன் அழுவான். அழுதால் வண்டியை நிறுத்துங்கள்; ஓடும் வண்டியில் மட்டும் அவிழ்க்காதே. அழாவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பெட்ரோல் பங்கிலோ உணவகத்திலோ நிறுத்தி, அவனை வெளியே எடுத்துப் பால் கொடுத்து, காலை நீட்ட விட்டுப் பிறகு புறப்படுங்கள். சாலையோரம் நின்று பால் கொடுக்க வேண்டாம். பயணம் மூன்று மணி நேரம் நீண்டால் நீளட்டும். அம்மா சாப்பாட்டைச் சூடாக்கிக்கொள்வாள். இரவெல்லாம் ஓட்டி விடியலில் வந்து சேரும் யோசனையை மாப்பிள்ளை கைவிட வேண்டும். விளக்கோ ஒளிர்பட்டையோ இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரியின் பின்னால் மோதிய கார்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன், அந்த விபத்துகளில் பெரும்பாலானவை விடியலுக்கு முந்தைய நேரத்தில் நடந்தவை.

பெரியவளுக்கு முறுக்கு, கடலை எதையும் ஓடும் வண்டியில் கொடுக்காதே. புரையேறினால் உடனே நிறுத்த இடம் கிடைக்காது. கோவிலுக்கு வாங்கிய பித்தளைப் பானையைப் பின்கண்ணாடி ஓரத்தில் வைக்காமல் டிக்கியில் வை. பின்கதவுகளின் விளிம்பில் இருக்கும் சைல்டு லாக்கைப் போட்டு, உள்ளேயிருந்து திறக்கிறதா என்று ஒரு முறை சோதித்துப் பார். தூங்குகிற பிள்ளையை எழுப்புவானேன் என்று வண்டியில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் வெப்பம் பத்து டிகிரிக்கு மேல் ஏறும், குழந்தையின் உடல் நம்மைவிடப் பல மடங்கு விரைவாகச் சூடாகும். இங்கே வந்தபின் கார் சாவி என்னிடம் இருக்கட்டும். கூட்டாளிப் பிள்ளைகள் ஒளிந்து விளையாட நிறுத்திய வண்டிதான் முதலில் கண்ணில் படும்.

நான் மிகவும் அஞ்சுவது அறுநூறு கிலோமீட்டரை அல்ல, வீட்டிலிருந்து கோவிலுக்குப் போகும் அந்தக் கொஞ்ச தூரத்தை. பெரியப்பா குடும்பம், சித்தி, அவர்கள் பிள்ளைகள் என்று எல்லோரும் உங்கள் வண்டியில் ஏறப் பார்ப்பார்கள். இடம் போதாமல் குழந்தை இருக்கைகளைக் கழற்றித் திண்ணையில் வைத்துவிட்டு, ஆளுக்கொரு பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்வார்கள். பக்கத்தில்தானே என்பார்கள். அதனால் உறவினர்களுக்குத் தனியாக ஒரு வேன் பேசி முன்பணமும் கொடுத்துவிட்டேன். உங்கள் காரில் நீங்கள் நால்வரும் அத்தையும் மட்டும் வருவீர்கள். சித்தியிடமும் பெரியப்பாவிடமும் நானே சொல்லிவிட்டேன். யாரும் உன்னைக் குறை சொல்லமாட்டார்கள். இருக்கை வாங்கியதும் பொருத்திய படத்தை எனக்கு அனுப்பு, பட்டை சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா