பெயர் தெரியாத கார்டைச் செருகும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய கணினிகளை மீட்டெடுப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை நல்ல முயற்சி. ஆனால் அதில் ஓர் அறிவுரை ஆபத்தானது. இன்னதென்று தெரியாத விரிவாக்கக் கார்டு (கணினிக்குக் கூடுதல் வசதி தரும் மின்சுற்றுப் பலகை) கிடைத்தால் காலி ஸ்லாட்டில் செருகி இயக்கிப் பாருங்கள், கணினியே அடையாளம் காட்டிவிடும் என்கிறது கட்டுரை. பிற்கால பிசிஐ வகைக் கார்டுக்கு இது பொருந்தும்; தயாரிப்பாளர் எண்ணும் சாதன எண்ணும் அதற்குள்ளேயே பதிந்திருக்கும், கேட்டால் சொல்லும். 1981இல் ஐபிஎம் பிசியோடு வந்த ஐஎஸ்ஏ என்ற பழைய வகை 8 பிட் ஸ்லாட்டிலோ, 1984இல் ஏடி கணினியில் அது 16 பிட்டாக நீண்டபோதோ இப்படி ஒரு வசதியே இல்லை. 1993இல் கார்டு தன்னைத் தானே அறிவிக்கும் பிளக் அண்ட் பிளே முறை வரும்வரை ஐஎஸ்ஏ கார்டு வாய் திறக்காது. நாம்தான் அதைப் படிக்க வேண்டும். அதுவும் மின்சாரம் கொடுக்கும் முன்.

போர்டில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளில் பாதி நம்மைத் திசைதிருப்பும். "94வி-0" என்பதை மாடல் எண் என்று நினைத்துத் தேடி அலைபவர்கள் ஏராளம். அது போர்டு எளிதில் தீப்பற்றாது என்பதற்கான தரக்குறியீடு, அவ்வளவுதான். அதன் பக்கத்தில் "இ" என்று தொடங்கும் யுஎல் (அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனை அமைப்பு) எண் பெரும்பாலும் வெறும் போர்டை அச்சடித்த ஆலையைக் குறிக்கும், கார்டை வடிவமைத்த நிறுவனத்தை அல்ல. உருப்படியான துப்பு எஃப்சிசி (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம்) எண். பழைய எண்களில் முதல் மூன்று எழுத்துகள் நிறுவனத்தின் குறியீடு. எஃப்சிசியின் இணையத் தரவுத்தளத்தில் தேடலாம். சிப்களின் முதுகில் 8637 போல நான்கு இலக்கம் இருந்தால் 1986ஆம் ஆண்டின் 37ஆம் வாரம் என்று பொருள். எல்லாச் சிப்களிலும் மிகப் பிந்திய தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு மாற்றிய சிப் ஏதும் இல்லையென்றால், கார்டு அதற்கு முன் பிறந்திருக்க முடியாது. 7408, 8250 போன்றவை சிப்பின் பெயர்கள். தேதி என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

கார்டின் ஜாதகம் உண்மையில் அதன் விளிம்பில் இருக்கும் தங்கப் பற்களில்தான் இருக்கிறது. சிப்கள் இருக்கும் முகம் ஏ, மறுமுகம் பி. கணினியின் பின்புறம் திருகிப் பொருத்தும் உலோகத் தகட்டின் பக்கமிருந்து 1 முதல் 31 வரை எண்ண வேண்டும். இனி எந்தப் பல்லிலிருந்து செம்புத் தடம் கிளம்புகிறது என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஏ22 முதல் ஏ31 வரை கீழ் பத்து முகவரிக் கோடுகள் (கணினி எந்த இடத்தை அழைக்கிறது என்று சொல்பவை). ஏறக்குறைய எல்லாக் கார்டும் இவற்றைப் பயன்படுத்தும். ஏ12 முதல் ஏ21 வரை மேல் பத்துக் கோடுகள். இவற்றில் தடமே இல்லையென்றால் அந்தக் கார்டில் ராமோ ரோமோ கணினியின் நினைவகப் பரப்பில் வந்து உட்காரவில்லை, அது வெறும் போர்ட் (நினைவகத்துக்கு வெளியே தரவு போய்வரும் தனி முகவரி) வழியாகப் பேசும் கார்டு. பி13, பி14 போர்ட்டுக்கு எழுதவும் படிக்கவும். பி11, பி12 நினைவகத்துக்கு. பி21 முதல் பி25 வரை ஐஆர்க்யூ (கார்டு செயலியின் கவனத்தை அழைக்கும் கோடு) 7இலிருந்து 3 வரை இறங்குவரிசையில் வரும், பி4 ஐஆர்க்யூ 2. இவை ஒரு ஜம்பர் (முள்களை இணைக்கும் சிறு மூடி) வரிசைக்குப் போனால் அந்த ஜம்பரின் வேலை தெரிந்துவிட்டது. பி15 முதல் பி18 வரை தடம் இருந்தால் டிஎம்ஏ (செயலி வழியாகப் போகாமல் நினைவகத்தோடு தரவு பரிமாறும் வழி) 3 அல்லது 1. ஒலி, வேகமாக அளவெடுக்கும் கார்டுகளின் அடையாளம் அது. கையேடு இல்லாமலேயே அரைமணி நேரத்தில் இவ்வளவும் தெரிந்துவிடும்.

முகவரி சுவிட்சைப் படிப்பதும் கடினமில்லை. டிப் சுவிட்சுக்கு (சிறு சுவிட்சுகளின் வரிசை) பக்கத்தில் பெரும்பாலும் 74எல்எஸ்688 இருக்கும். எட்டுக் கோடுகளை சுவிட்சின் எட்டு நிலைகளோடு ஒப்பிடும் சிப் அது. சுவிட்சை ஆன் செய்தால் கோடு கிரவுண்டுக்குப் போகும், அதாவது 0. ஆஃப் என்றால் இழுப்பு ரெசிஸ்டர் வழியாக 1. பலர் இதைத் தலைகீழாகப் படித்துவிட்டு கார்டு செத்துவிட்டது என்கிறார்கள். ஏ9 முதல் ஏ2 வரையிலான முகவரிக் கோடுகளை ஒப்பிடும் கார்டில் 300 என்ற பதினாறடிமான முகவரி வேண்டுமானால் ஏ9, ஏ8 மட்டும் ஆஃப், மீதி ஆறும் ஆன். (முகவரிக் கோட்டின் பெயரும் பல்லின் பெயரும் ஒரே ஏ எழுத்தில் தொடங்குவது குழப்பம்தான்; ஏ9 என்ற கோடு ஏ22 என்ற பல்லில் வருகிறது.) மிஞ்சிய இரண்டு கோடுகளும் நேராக ஒரு பெரிய சிப்புக்குப் போனால் அதற்கு நான்கு பதிவேடுகள். 8255 என்ற உள்ளீடு-வெளியீட்டுச் சிப்புக்குச் சரியாக நான்குதான். மூன்று கோடுகள் போனால் எட்டு. 8250 அல்லது 16450 சீரியல் சிப்பாக இருக்கலாம். பக்கத்தில் 1.8432 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருந்தால் சந்தேகமே வேண்டாம். 16.257 என்றால் மோனோக்ரோம் திரைக் கார்டு, 20 என்றால் பெரும்பாலும் ஈதர்நெட்.

பின்னால் இருக்கும் கனெக்டரை மட்டும் நம்ப வேண்டாம். ஒன்பது துளை கனெக்டர் சிஜிஏ திரைக்கும் டோக்கன் ரிங் வலைக்கும் பொது. 25 துளை பிரிண்டராகவும் இருக்கலாம், ஸ்கஸி என்ற வட்டு இணைப்பாகவும் இருக்கலாம்.

இப்போது மல்டிமீட்டர். பி முகத்தில் 1, 3, 5, 7, 9 என ஒற்றைப்படைப் பற்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: பி1 கிரவுண்டு, பி3 +5 வோல்ட், பி5 –5, பி7 –12, பி9 +12. கிரவுண்டுக்கும் மற்ற நான்குக்கும் இடையே தனித்தனியாக ஓம் அளந்து பாருங்கள். ஓரிரு ஓம் காட்டினால் ஷார்ட். பத்தில் எட்டுத் தடவை குற்றவாளி 12 வோல்ட் கோட்டில் இருக்கும் துளி வடிவ டான்டலம் கெப்பாசிட்டர்தான். 16 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டரை 12 வோல்ட்டில் போட்டு வைத்திருப்பார்கள், வயதானதும் உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிடும். கட்டுரை சொன்னபடி செருகினால் ஒன்று பவர் சப்ளை விசிறி ஒரு துடிப்புத் துடித்து நின்றுவிடும், அல்லது கெப்பாசிட்டர் தீப்பொறியோடு வெடிக்கும். அதே மைக்ரோஃபாரட் மதிப்பில் 25 அல்லது 35 வோல்ட் தாங்குவதைப் போடுங்கள். டான்டலத்தில் கோடு போட்ட கால் பாசிட்டிவ். சாதாரண அலுமினியக் கெப்பாசிட்டரில் கோடு போட்ட கால் நெகட்டிவ். இதை மாற்றிப் பொருத்திப் புதிய கெப்பாசிட்டரையும் வெடிக்க வைப்பது அடிக்கடி நடக்கிறது.

ஷார்ட் இல்லையா, அப்போதும் பி5ஐ ஒரு பார்வை பாருங்கள். அதில் தடம் இருந்தால் கார்டுக்கு –5 வோல்ட் தேவை. பிற்கால ஏடிஎக்ஸ் பவர் சப்ளைகளில் அது நீக்கப்பட்டுவிட்டது. கார்டு நன்றாக இருந்தும் வேலை செய்யாது. ஐபிஎம் எக்ஸ்டியில் பவர் சப்ளையை ஒட்டிய எட்டாவது ஸ்லாட்டையும் தவிர்க்க வேண்டும். அந்த ஸ்லாட்டில் பி8 வழியாகக் கார்டு தனியாக ஒரு சமிக்ஞை தர வேண்டும். பெரும்பாலான கார்டுகள் தருவதில்லை.

கார்டில் ஈப்ரம் (புற ஊதா ஒளியில் அழியும் நினைவகச் சிப்) இருந்தால் அதன் கண்ணாடி மேலுள்ள லேபிளைப் பிய்க்காதீர்கள். நேர் வெயிலில் ஒரு வாரம் கிடந்தாலே அழிந்துவிடும். முதலில் அதைப் படித்து ஒரு பிரதி எடுத்து வையுங்கள். நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் அதற்குள் எழுத்தாகவே இருப்பதுண்டு. தொடக்க பைட்டுகள் 55, ஏஏ என்று இருந்தால் அது பயாஸ் (கணினியைத் தொடக்கும் நிரல்) தேடி இயக்கும் ரோம். மூன்றாவது பைட் 512ஆல் வகுத்த நீளம். அந்த நீளத்துக்குள் எல்லா பைட்டுகளின் கூட்டுத்தொகையும் 256ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். ஒரே ஒரு பிட் தவறினாலும் பயாஸ் அந்த ரோமை இயக்காது. அசல் ஐபிஎம் பிசியில் 1982 அக்டோபர் 27 தேதியிட்ட பயாஸுக்கு முந்தையவை இந்தத் தேடலையே செய்வதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் கார்டைச் செருக வேண்டும். டாஸ் இயங்குதளத்தில் டீபக் நிரலைத் திறந்து "ஐ 300" என்று கொடுத்தால் அந்தப் போர்ட்டில் இருப்பதைக் காட்டும். எப்போதும் எஃப்எஃப் வந்தால் பொதுவாக அங்கே யாரும் இல்லை என்று பொருள். 8255 கார்டானால், வெளியே எதுவும் இணைக்காத நிலையில் "ஓ 303 80" கொடுத்து மூன்று போர்ட்டுகளையும் வெளியீடாக்குங்கள். பிறகு 300இல் 55 எழுதிப் படியுங்கள், அடுத்து ஏஏ. எழுதியது அப்படியே திரும்ப வர வேண்டும். ஒரே ஒரு பிட் மட்டும் எப்போதும் தவறினால் 74எல்எஸ்245 பஃபரிலோ (தரவுக் கோடுகளை இணைத்துத் துண்டிக்கும் சிப்) சாக்கெட்டில் மடங்கிய காலிலோ கோளாறு. எதுவுமே வரவில்லையென்றால் 688இன் 19ஆம் காலில் லாஜிக் புரோப் (0, 1 நிலையைக் காட்டும் கருவி) வைத்து மீண்டும் "ஐ 300" கொடுங்கள். துடிப்புக் கீழிறங்கினால் முகவரி சரி, கோளாறு அதற்குப் பின்னால் இருக்கிறது. இறங்காவிட்டால் சுவிட்சைப் பாருங்கள். துருப்பிடித்த டிப் சுவிட்ச் ஆன் நிலையிலும் தொடாமல் இருக்கும். பத்து முறை முன்னும் பின்னும் தள்ளினாலே பல சமயம் சரியாகிவிடும்.

கார்டு இருந்தால் கணினியே எழுவதில்லை, எடுத்தால் எழுகிறது, ஆனால் எங்கும் ஷார்ட் இல்லை என்றால் 245இன் 19ஆம் காலை அளந்து பாருங்கள். யாரும் கார்டை அழைக்காதபோது அது உயர்ந்த நிலையில் இருக்க வேண்டும். தாழ்ந்தே கிடந்தால், அழைக்காமலேயே கார்டு தரவுக் கோடுகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. உயர்ந்திருந்தும் கணினி எழவில்லையென்றால் 245ஐயே மாற்றுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்