தரங்கம்பாடிக்குப் போய் வந்தேன், கண்ணு

அன்பு மகள் யாழினிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். அங்கே குளிர் குறைந்ததா?

நான் தனியாகத் தரங்கம்பாடி போனதைக் கேட்டு நீ பதறியதாக அப்பா சொன்னார். போனில் பேசினால் நீ கேட்க, நான் பதில் சொல்ல, சொல்ல வந்தது விட்டுப்போகும். அதனால்தான் கடிதம்.

அப்பாவுக்கு மூட்டுவலி, பயணம் ஆகாது. "நீ போயிட்டு வா, நான் ரசம் வச்சுக்கறேன்" என்று அவரே ரயிலேற்றிவிட்டார். மயிலாடுதுறையில் இறங்கி பஸ் பிடித்தேன். அறுபதாம் கல்யாணக் கூட்டமெல்லாம் திருக்கடையூரில் இறங்கிவிட, பஸ் காலியானது. அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். தங்கின இடத்தில் "கூட யாரும் வரலையாம்மா?" என்று கேட்டார்கள். டீக்கடையிலும் அதே கேள்வி. "இல்லப்பா, நான் மட்டும்தான்" என்று சொல்லச் சொல்ல எனக்கே அது பிடித்துப்போயிற்று.

விடிகாலையில் கரைக்குப் போய்விடுவேன். ஃபைபர் படகுகள் வந்து சேரும் நேரம். வலையிலிருந்து மத்தியை உதறிக் கொட்டுவார்கள். பெண்கள் ஏலம் எடுத்து அன்னக்கூடையில் அள்ளுவார்கள். ஓர் அக்கா செதில் ஒட்டிய கையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். 2004 சுனாமிக்குப் பிறகு அவர்களுக்கு வீடு உள்ளே தள்ளித்தான். ஆனாலும் பொழுது விடிவதற்குள் இங்கே வந்துவிடுவாராம். நான் எதுவும் கேட்கவில்லை, அவராகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன்.

பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில். குலசேகர பாண்டியன் காலத்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அலை தடுக்கக் கொட்டிய கருங்கற்களில் உட்கார்ந்துகொண்டால் எனக்கு நேரம் போவதே தெரியாது. வெயில் ஏறினால் அறைக்கு வந்து தூங்குவேன். மத்தியானத் தூக்கம், கண்ணு! உன்னைப் பெற்ற பிறகு நான் அப்படித் தூங்கியதே இல்லை. யாருக்கும் சாப்பாட்டு நேரம் பார்க்க வேண்டாம், குக்கர் விசில் எண்ண வேண்டாம்.

சாயங்காலம் கோட்டைப் பக்கம் நடப்பேன். நீ இருக்கும் கோபன்ஹேகனிலிருந்து 1618இல் புறப்பட்ட டேனிஷ்காரர்கள் 1620இல்தான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் இடம் கொடுக்க, டான்ஸ்போர்க் கோட்டை எழும்பியது. 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். உன்னை ஏர்போர்ட்டில் விட்டு வந்த அன்று உலகத்தின் அந்தக் கோடி என்று அழுதேனே, அந்த ஊர்க்காரர்கள் இருநூறு வருஷத்துக்கு மேல் நம் கடற்கரையில் குடியிருந்திருக்கிறார்கள்.

எனக்கு மனசு நின்றது ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கல்லறையில். 1706இல் வந்தவர், தமிழ் படித்து, அச்சுக்கூடம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தவர். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் நிறையச் செலவாயிற்றாம். இங்கேயே சின்னதாக வார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவளுக்கு அது சின்ன விஷயமா? 1718இல் அவர் கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்துக்குள்ளேயே அடக்கம். முப்பத்தாறு வயசுதான். உன்னைவிட இரண்டு வயது கூட. அங்கே இருந்த பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பயம் இருந்ததா என்று கேட்பாய். முதல் ராத்திரி இருந்தது. கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துத்தான் படுத்தேன். மறுநாள் அந்த நாற்காலியை வெளியே போட்டுக் காற்று வாங்கினேன். அடுத்த வருஷமும் போவேன். நீ இதற்குச் சம்மதிக்க வேண்டும் என்று கேட்கவில்லை, சந்தோஷப்பட வேண்டும் என்று கேட்கிறேன். நீயும் லீவு எடுத்தால் வீட்டு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிறாய். ஒரு தடவை தனியாக எங்காவது போய்ச் சும்மா இரு. மாப்பிள்ளை பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்.

ரகுநாத நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குப் பொன்னேட்டில் அனுப்பிய கடிதம் உன் ஊர் ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கிறதாம். பார்க்க விடுவார்களா என்று விசாரி. விட்டால், எழுத்து எப்படி இருக்கிறது, உன்னால் வாசிக்க முடிகிறதா என்று எனக்கு எழுது. பேரனுக்கு அரைஞாண் கயிறும் கொஞ்சம் நெத்திலிக் கருவாடும் தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா