போன் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளை

ஸ்காபரோ
30 யூன் 2024

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது குறைவு. நீ போனில் கதைத்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. "வேலை, பிறகு எடுக்கிறேன்" என்று மெசேஜ் மட்டும் வருகிறது. அதுதான் பேனையை எடுத்தேன்.

சென்ற திங்கட்கிழமை ஐஸ் ஹொக்கி ஸ்ரான்லி கிண்ண இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் பார்த்தேன். நீயும் பார்த்திருப்பாய். எங்களுக்கு இரவு எட்டு மணி, உங்களுக்குப் பின்னேரம் ஆறு. எங்கள் ரொறன்ரோ லீஃப்ஸ் முதல் சுற்றிலேயே பொஸ்ரனிடம், அதுவும் ஏழாவது ஆட்டத்தில் மேலதிக நேரத்துக்குப் போய்த் தோற்ற பிறகு எனக்கு மிஞ்சியது நீ இருக்கிற எட்மன்ரனின் அணிதான். அன்றிலிருந்து எட்மன்ரன் ஆடிய ஒரு ஆட்டம்கூட நான் தவறவிடவில்லை. மேற்கில் ஆட்டம் பிந்தித்தான் தொடங்கும். நடுச்சாமம் தாண்டியும் இருந்து பார்த்தேன். அம்மா ஏசினா.

நவம்பரில் அந்த அணி கிடந்த கிடை உனக்குத் தெரியும். முதல் 13 ஆட்டத்தில் மூன்றுதான் வெற்றி. 12ஆம் திகதி பயிற்சியாளரை மாற்றினார்கள். பிறகு டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி முடிய முன்னர் தொடர்ந்து 16 வெற்றி. 82 ஆட்டம் ஆடிக் களைத்த உடம்புகளோடு, கிண்ணத்துக்கான பிளேஓஃபுக்கு வந்தார்கள். அதில் ஒரு சுற்றை வெல்ல நாலு ஆட்டம் வெல்ல வேண்டும். லொஸ் ஏஞ்சலிஸை ஐந்து ஆட்டத்தில், வன்கூவரை ஏழில், டலஸை ஆறில் வென்றார்கள். இறுதிச் சுற்றில் ஃபுளோரிடாவிடம் முதல் மூன்று ஆட்டமும் போய்விட்டது. அந்த இடத்தில் இருந்து எழும்பிக் கிண்ணம் எடுத்தது 1942இல் எங்கள் லீஃப்ஸ் மட்டும்தான். வேறு ஒருவராலும் முடியவில்லை. எட்மன்ரன் 8-1, 5-3, 5-1 என்று அடுத்த மூன்றையும் வென்றபோது நான் சோபாவில் இருக்கவே இல்லை, நின்றுகொண்டுதான் பார்த்தேன்.

கடைசி ஆட்டம் 2-1, ஃபுளோரிடாவுக்கு. இரண்டாம் பகுதியில் அவர்களின் ரைன்ஹார்ட் அடித்த கோல்தான் வித்தியாசம். மூன்றாம் பகுதி முழுக்க எட்மன்ரன் முட்டி மோதியும் அவர்களின் கோல் காவலன் போப்ரோவ்ஸ்கி ஒன்றையும் உள்ளே விடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உன்னோடு கதைக்க நினைத்தேன். பிளேஓஃபில் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கிற கொன் ஸ்மைத் பரிசுக்கு எட்மன்ரன் அணித் தலைவன் மக்டேவிட்டின் பெயரைக் கூப்பிட்டார்கள். தோற்ற அணியில் இருப்பவருக்கு அது கிடைப்பது அருமையிலும் அருமை. 2003க்குப் பிறகு இதுதான். 25 ஆட்டத்தில் அவன் அடித்த கோல் எட்டு, மற்றவர்கள் அடிக்க எடுத்துக் கொடுத்தது 34. முந்தைய சாதனையான கிரெற்ஸ்கியின் 31ஐயும் தாண்டிவிட்டான். பெயரைக் கூப்பிட்டார்கள், பெடியன் வரவில்லை. பரிசு மேசையில் தனியே நின்றது.

"இதென்ன பழக்கம், கூப்பிட்டால் வரத்தானே வேணும்" என்றா அம்மா. அடுத்த நாள் கோப்பிக் கடையிலும் இதே கதைதான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோற்ற உடனே வரிசையில் நின்று எதிரணியில் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துவிட்டுத்தான் அவன் உள்ளே போனான். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டான். உன்னோடு படித்தவர்களுக்கு மருத்துவப் பயிற்சி இடம் கிடைத்ததற்கு வைத்த விருந்துக்கு நீயும் போய் எல்லோரையும் வாழ்த்திவிட்டு வந்தாய் என்று அம்மா சொன்னா. அன்று இரவு நீ எப்படி இருந்திருப்பாய் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

நான் ஐஸ் ஹொக்கி அரீனாவில் இரவு வேலை செய்த காலம் உனக்கு நினைவிருக்கும். அம்மாவுக்கும் இரவு வேலை என்றால் உன்னையும் கூட்டிக்கொண்டு போவேன். நீ வாசல் வாங்கில் இருந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். சின்னப் பிள்ளைகளின் இறுதி ஆட்டம் முடிந்தால் உடை மாற்றும் அறையை நான்தான் கழுவ வேண்டும். வென்ற பிள்ளைகள் பத்து நிமிடத்தில் கத்திக்கொண்டு போய்விடுவார்கள். தோற்ற பிள்ளைகள் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் அப்படியே இருப்பார்கள். அறைக்குள் வியர்வை மணமும் ஈரக் கையுறை மணமும். ஒருவரும் கதைக்க மாட்டார்கள். நான் மொப்போடு கதவுக்கு வெளியே நிற்பேன். நேரமாகிறது என்று ஒருநாளும் தட்டியதில்லை. "ஏன் அப்பா உள்ளே போகேல்லை?" என்று நீ கேட்பாய்.

யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு அப்படி நின்றவன், உனக்கு நிற்கவில்லை. மார்ச்சில் முதல் விண்ணப்பச் சுற்றில் உனக்குப் பயிற்சி இடம் வரவில்லை. ஏப்ரலில் இரண்டாம் சுற்றிலும் இல்லை என்று நீ போன் எடுத்துச் சொன்னாய். "எங்கேயோ பிழை விட்டிருக்கிறாய்" என்றேன் நான். நீ "ம்" என்று மட்டும் சொன்னாய். திங்கட்கிழமை இரவு மேசையில் தனியே நின்ற அந்தப் பரிசைப் பார்த்தபோது அந்தச் சொல் எனக்குள் குத்தியது. அவன் என்ன பிழை விட்டான்? ஒரு கோல் குறைந்தது. பிழை விட்டது நான்தான், பிள்ளை. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என்னை மன்னித்துக்கொள்.

ஆறு வயதில் நீ இன்னொன்றும் கேட்டாய்: ஐஸைச் சீராக்குகிற ஸம்போனி வண்டியில் சுடுதண்ணீர் விட்டால் ஐஸ் உருகாதா என்று. அன்று அவசரத்தில் சரியாகச் சொல்லவில்லை. பிளேட் மேலே சீவிக்கொண்டு போகும், பின்னால் சுடுதண்ணீர் விழும். சூட்டில் பழைய ஐஸின் மேற்புறம் கொஞ்சம் இளகி, கீறல்களுக்குள் தண்ணீர் இறங்கி, இரண்டும் ஒன்றாகப் பிடிக்கும். சுடுதண்ணீரில் காற்றும் குறைவு, அதனால் கண்ணாடி மாதிரி உறையும். பச்சைத்தண்ணீர் அப்படி ஒட்டாது. அது இறுகும் வரைக்கும் ஒருவரையும் இறங்க விடமாட்டேன். எத்தனை பயிற்சியாளர்கள் என்னோடு சண்டை பிடித்திருக்கிறார்கள்!

நீ இப்போது போன் எடுக்க வேண்டாம். எடுக்க மனம் வரும்போது எடு. அடுத்த முறை விண்ணப்பிக்கும் வரைக்கும் வாடகைக் காசு ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி உன் கணக்குக்கு வரும். அதைப் பற்றி என்னோடு வாதாடாதே. விண்ணப்பிக்காமல் வேறு ஏதும் செய்ய நினைத்தாலும் காசு வரும்.

நாளைக்குக் கனடா தினம், தபால் கந்தோர் பூட்டு. செவ்வாய்க்கிழமை பெட்டியை அனுப்புகிறேன். அம்மா மிளகாய்த்தூள் வறுத்து அரைத்து இரண்டு பையில் கட்டியிருக்கிறா. பருத்தித்துறை வடையும் இருக்கிறது, நொறுங்காமல் இருக்க நடுவில் வைத்திருக்கிறேன். அடியில் உன் ஸ்கேற்ஸ். பேஸ்மென்றில் கிடந்தது, பிளேட் கறள் பிடித்திருந்தது. பழைய இடத்துக்குக் கொண்டுபோய்த் தீட்டுவித்தேன். பிளேட்டைத் துணியால் சுற்றியிருக்கிறேன், அவிழ்க்கும்போது கை கவனம்.

அன்புடன்,
அப்பா