வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

போன பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுத்தோம். எந்த நூலை எடுத்தாலும், அதில் காணி யாருடையது, வேலை செய்வது யார், வாய் திறந்து பேசுவது யார் என்று கேட்டுக்கொண்டே வாசிப்பது. முழுநிலவு விடுமுறையான போயா தினங்களில் பொதுநோக்கு மண்டபத்தில் கூடினோம். அருவி வெட்டு, அதாவது நெல் அறுவடை, நேரத்தில் கூட்டம் வைக்கவில்லை.

ஈழத்துத் திறனாய்வாளர் க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) நூலோடு தொடங்கியது சரிவரவில்லை. நூல் நல்லது. ஆனால் அவர் ஆராயும் நாவல்களைப் பலர் வாசித்திருக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஆள் குறைந்தது. தெரிவு என்னுடையது.

ஆட்களைத் திரும்பக் கொண்டுவந்தது புறநானூற்றின் 184ஆம் பாட்டு, பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்னது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால், மா என்ற சிறு நில அளவுக்கும் குறைந்த நிலம்கூட யானைக்குப் பல நாளுக்குப் போதும். யானை தானே புகுந்தால், நூறு வயலென்றாலும் வாய்க்குள் போவதைவிடக் காலில் அழிவது அதிகம். வரியும் அப்படித்தான் என்கிறார். யானை வெடியோடு காவல் குடிலில் விழித்திருக்கிற எங்களுக்கு உரை தேவைப்படவில்லை. அப்போது, கூலிக்கு அருவி வெட்டப் போகிற ஓர் அக்கா கேட்டார்: "'காய்நெல் அறுத்து' எண்டு கிடக்குது. அறுத்தது ஆர்?"

பாட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். அரசன் இருக்கிறான், ஆரவாரிக்கும் சுற்றம் இருக்கிறது, யானையும் இருக்கிறது. அறுத்தவர் இல்லை. குடிகளுக்காகப் பரிந்து பாடிய பாட்டிலேயே இல்லை. வகுப்பில் எத்தனையோ தடவை படிப்பித்த பாட்டு இது. அந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அப்புறம் அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973). முல்லைத்தீவின் தண்ணிமுறிப்புக் கிராமத்துக் கதை என்பதால் பலருக்கும் பழக்கம். காதல் கதை என்றே நினைத்திருந்தோம். இம்முறை, தகப்பன் வீட்டை விட்டு வந்த கதிராமன் காடு வெட்டி வயலாக்கும் பக்கங்களிலேயே நின்றுவிட்டோம். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஐயா ஒருவர் சொன்னார்: "நாங்களும்தான் காடு வெட்டுனோம். வயசு போயிருச்சு, காணி பேர்மிட் இன்னும் கைக்கு வரல." அன்று நாவலைப் பற்றி அதற்குமேல் பேசவில்லை. பேர்மிட் பற்றித்தான் பேசினோம். அதையும் வாசிப்பாகவே இங்கே பதிகிறேன்.

கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) எடுத்த அன்று மண்டபத்தில் பேச்சுக் குறைவு. யாழ்ப்பாணத்துச் சாதிப் பிரச்சினைதானே என்றார் ஒருவர். வழமையாகப் பேசுகிறவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அந்த மௌனம் எனக்கு இன்னும் பாரமாக இருக்கிறது. நூலை மறுபடி எடுக்கவேண்டும் என்று சபையைக் கேட்கிறேன். தேநீரை எப்போதும் அதே இரண்டு பெண்களே ஊற்றுகிறார்கள் என்றும் அன்று ஒரு தங்கச்சி எழுந்து சொன்னாள். இப்போது முறை வைத்து ஊற்றுகிறோம்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

அடுத்த போயாவுக்கு மலையகச் சிறுகதைகள். பிரதிகள் மூன்றுதான் இருக்கின்றன, வாசித்தவர்கள் அடுத்த வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

செயலாளர்