விளக்கேற்றவும் வரி கட்டியவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழில் வெளியான, உக்ரைன் நாட்டு லிவிவ் நகரப் பயணக் கட்டுரையை ஆர்வத்தோடுதான் படிக்கத் தொடங்கினேன். காபிக் கடைகளையும் கல் பாவிய தெருக்களையும் பற்றிக் கட்டுரையாளர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார், நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் பழைய யூதர் தெருவுக்கு வந்தவுடன், ‘ஆஸ்திரியர் ஆட்சியில் இங்கிருந்த யூதர்கள் வரி, வழக்கு எல்லாவற்றையும் தங்கள் சபைக்குள்ளேயே முடித்துக்கொண்டு, அரசின் தொந்தரவில்லாமல் வசதியாக வாழ்ந்தார்கள்’ என்று ஒரே வாக்கியத்தில் ஒரு நூற்றாண்டை முடித்துவிட்டு, அடுத்த வாக்கியத்தில் சாக்லேட் கடைக்குள் நுழைந்துவிடுகிறார். அந்தச் சாக்லேட்டின் விலையைக்கூடச் சரிபார்த்து எழுதியிருப்பவருக்கு, இந்த வாக்கியத்தைச் சரிபார்க்க மட்டும் நேரமில்லாமல் போனது வியப்பளிக்கிறது.

லிவிவ் நகரம் அன்று லெம்பெர்க் என்ற பெயரில் கலீசியா மாகாணத்தின் தலைநகராக இருந்தது என்பதும், 1772-ஆம் ஆண்டுப் போலந்துப் பிரிவினையில் அது ஆஸ்திரியாவின் கைக்குப் போனது என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. அந்த அரசு யூதர்களை எவ்வளவு ‘தொந்தரவில்லாமல்’ விட்டுவைத்தது என்பதற்கு அவர்கள்மேல் அது விதித்த இரண்டு வரிகளை மட்டும் சொன்னால் போதும். ஒன்று, 1784-இல் வந்த கோஷர் இறைச்சி வரி. யூதச் சமய முறைப்படி அறுத்த இறைச்சியின் ஒவ்வொரு எடைக்கும், கோழிக்கும்கூட, கடைக்காரர் விலைக்கு மேல் அரசுக்கு ஒரு தொகை போக வேண்டும். அந்தத் தொகை பிற்காலத்தில் பலமுறை உயர்த்தப்பட்டது. மற்றொன்று, 1797-இல் வந்த மெழுகுவர்த்தி வரி. வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில், ஓய்வுநாளை வரவேற்க வீட்டுப் பெண் ஏற்றும் விளக்குக்கு வரி! கோஃப்லர் என்ற ஒருவர் இந்த யோசனையை அரசிடம் கொண்டுபோனார். யூதப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்த ஹெர்ட்ஸ் ஹோம்பெர்க் அதற்குத் துணைநின்றார். இருவரும் யூதர்களே.

‘அப்படியானால் அவர்கள் ஆட்களே அவர்களிடம் வசூலித்தார்கள், நான் எழுதியதும் அதுதானே’ என்று கட்டுரையாளர் கேட்கக்கூடும். இந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் பேச உரிமை இருப்பதாக நினைக்கிறேன். நான் நகராட்சி ஒன்றின் வருவாய்ப் பிரிவில் பணிக்காலம் முழுவதையும் கழித்தவன். வாரச் சந்தை வசூலை ஏலம் விடும் கோப்புகள் என் மேசை வழியாகத்தான் போகும். ஏலத்தொகை கட்டியவுடன் நகராட்சியின் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு சந்தையில் நடப்பது குத்தகைதாரருக்கும் கடை விரித்தவர்களுக்கும் இடையிலான கதை. கட்டணப் பலகை சந்தையின் பின்புறம், கழிப்பறைச் சுவரில் மாட்டப்பட்டிருக்கும். ஒரு சாக்கை விரித்து நாலு கட்டுக் கீரை வைத்திருக்கும் கிழவியிடம் குத்தகைதாரரின் ஆள் பலகையில் உள்ளதைப் போல இருமடங்கு கேட்பான். இல்லையென்றால் தராசுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அந்தக் கிழவி திட்டுவது அவனைத்தான், நகராட்சியை அல்ல. அவனும் அவள் ஊர்க்காரன்தான், சில நேரம் அவள் உறவுக்காரனும்கூட. புகார் எழுதி வந்தால், ‘குத்தகைதாரருக்குத் தக்க அறிவுரை வழங்கப்பட்டது’ என்று கோப்பை மூடுவோம்.

கலீசியாவிலும் இதே ஏற்பாடுதான். வியன்னாவிலிருந்த ஆஸ்திரிய அரசு தன் தொகையை முன்கூட்டியே உறுதி செய்துகொண்டு வரியைக் குத்தகைக்கு விட்டது. கையில் பணமிருந்த சில யூதக் குடும்பங்கள் அதை எடுத்தன. வசூலுக்கு வந்த ஆட்கள் வீடுவீடாக நுழைந்தார்கள். கட்ட முடியாதவர்களின் வீட்டுச் சாமான்கள் போயின. மெழுகுவர்த்தி வாங்கவே வக்கில்லாத வீட்டுக்கும் அந்த வரி உண்டு. இறைச்சி வரியும் விளக்கு வரியும் பணக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே விகிதம். ஆகவே இல்லாதவன் தலையில்தான் பாரம் ஏறியது. யூதச் சமூகத்தின் காரியங்களைக் கவனித்த சபைக்கான தேர்தலில் வாக்களிக்க வேண்டுமானால் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மெழுகுவர்த்திகளுக்கு வரி கட்டியிருக்க வேண்டும் என்ற விதியும் இருந்ததால், வரியால் நசுங்கியவர்களுக்குச் சபையில் வாயும் இல்லாமல் போயிற்று. கட்டுரையாளர் ‘சபைக்குள்ளேயே’ என்று எழுதிய அந்தச் சபை இப்படிப்பட்டது.

‘வழக்கு’ என்ற சொல்லையும் அவர் சேர்த்திருக்கிறார். ரப்பிகள் எனப்படும் யூதச் சமய குருமாரின் நீதிமன்றத்துக்குச் சிவில் வழக்குகளில் இருந்த அதிகாரத்தை இரண்டாம் யோசேப்புப் பேரரசர் 1785-லேயே பறித்துவிட்டார். 1787-இல் எல்லோரும் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணை. 1788-இல் இராணுவச் சேவை. லெம்பெர்க் நகரத்திலேயே எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதற்கும் கட்டுப்பாடு. பெரும் சொத்தும் ஜெர்மன் பாணி உடையும் படிப்பும் உள்ள சிலருக்கு மட்டும் விலக்கு. திருமணத்துக்கு அரசின் அனுமதி வேண்டும், அதற்குக் கட்டணம் வேண்டும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மணமக்கள் ஹோம்பெர்க் எழுதிய சமயப் பாடநூலில் தேர்வும் எழுதித் தேற வேண்டும். பெரும்பாலோர் இதெல்லாம் வேண்டாமென்று ரப்பி முன்னிலையில் மணம் முடித்துக்கொண்டார்கள். ஊருக்கு அவர்கள் கணவன் மனைவி. அரசுப் பதிவேட்டில் அவள் மணமாகாதவள், அவள் பிள்ளைகள் முறைப்படி பிறக்காதவர்கள், அவர்களுக்கு எழுதப்பட்டது தாயின் குடும்பப் பெயர். காகிதம் இல்லாத திருமணம் ஒரு பெண்ணை என்ன பாடுபடுத்தும் என்பதை, குடும்ப ஓய்வூதியம் கேட்டு எங்கள் அலுவலக வராந்தாவில் திருமண அழைப்பிதழ் நகலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்ற துப்புரவுத் தொழிலாளியின் மனைவியிடம் நான் பார்த்திருக்கிறேன். தாலி இருக்கிறதே என்று அவர் எடுத்துக் காட்டியபோது எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இவ்வளவும் ‘வசதியாக வாழ்ந்தார்கள்’ என்ற சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது என்றால், தமிழின் சுருங்கச் சொல்லும் திறனுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கட்டுரையாளர் அந்தத் தெருவில் இன்னும் சிறிது நேரம் நின்றிருந்தால் ஆபிரகாம் கோன் என்ற பெயர் காதில் விழுந்திருக்கும். பொஹீமியாவில் பிறந்து, ஆல்ப்ஸ் மலைப்பக்கத்து ஹோஹெனெம்ஸ் ஊரில் ரப்பியாக இருந்து, 1844-இல் லெம்பெர்க் வந்தவர். சீர்திருத்தவாதி, அதனால் பழமைவாதிகளுக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் அவர்மேல் இருந்த பகை வழிபாட்டு முறை பற்றியது மட்டுமல்ல. இறைச்சி வரியையும் மெழுகுவர்த்தி வரியையும் ஒழிக்க வேண்டும் என்று அரசிடம் விடாமல் முறையிட்டவர்களில் அவர் முன்னின்றார். குத்தகையில் பிழைத்த குடும்பங்களுக்கு அது நேரடி நஷ்டம். 1848 செப்டம்பர் 6 அன்று அவர் வீட்டுச் சமையலறையில் உணவில் ஆர்சனிக் விஷம் கலக்கப்பட்டது. மறுநாள் அவரும் அவருடைய கைக்குழந்தையும் இறந்தார்கள். பில்பெல் என்பவர் மேல் குற்றச்சாட்டு எழுந்தது. சபைப் பெரியவர்கள் சிலரும் சந்தேகத்துக்கு உள்ளானார்கள். அடுத்த மாதம் வியன்னா நாடாளுமன்றத்தில் கலீசியாவின் பிரோடி ஊருக்கான உறுப்பினரான ரப்பி மான்ஹைமர் யூதர் வரிகளை எதிர்த்துப் பேச, அவற்றை ஒழிக்கத் தீர்மானமாயிற்று. ஒரு மாதம் தள்ளிப் போயிருந்தால் அந்த விஷத்துக்கே காரணம் இருந்திருக்காது. முழுச் சம உரிமைக்கு அந்த மக்கள் 1867 வரை காத்திருந்தார்கள் என்பது தனிக் கதை.

இது முதல்முறை என்றால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். முன்பு தங்கள் இதழில் போலந்து பற்றிய கட்டுரையொன்றில் இந்தக் கலீசியாவையும் ஸ்பெயினில் உள்ள கலீசியாவையும் ஒன்றாக்கி வரைபடம் வெளியிட்டீர்கள், எழுதினேன், பதிலில்லை. பின்னர் ஐரோப்பிய வங்கிகள் பற்றிய தொடரில் யூதர் என்றாலே வட்டிக்காரர் என்று கேலிச்சித்திரம் போட்டீர்கள். மூன்று பக்கம் எழுதினேன், ‘தொடர் அருமை’ என்ற என் முதல் வாக்கியத்தை மட்டும் என் பெயரோடு வெளியிட்டீர்கள். நண்பர்கள் பாராட்டினார்கள். வரி என்றால் வசூலிப்பவனின் முகம் மட்டும் நினைவில் நின்று, வசூலிக்கச் சொன்னவன் யாரென்பது மறந்துபோவது எங்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் அந்த மறதியை அச்சிட்டு விலைக்கு விற்கும்போது வாசகன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை அல்லவா?

நான் கேட்பது பெரிதல்ல. ‘லெம்பெர்க் யூதர்கள் 1848 வரை ஆஸ்திரிய அரசுக்குத் தனி வரிகள் செலுத்தினர், சிவில் வழக்குகளில் ரப்பிகளுக்கு இருந்த அதிகாரமும் 1785-லேயே நீக்கப்பட்டது’ என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். கட்டுரை நூலாகிறது என்று அறிவிப்புப் பார்த்தேன். அதிலும் அந்த வாக்கியத்தை மாற்றச் சொல்லுங்கள். இடமில்லையென்றால் இக்கடிதத்தை வெளியிட வேண்டாம், திருத்தம் வந்தால் போதும். வெளியிடுவதாக இருந்தால், கட்டுரையாளரின் நடையைப் பற்றி மேலே நான் சொன்னதை மட்டும் எடுத்துப் போட்டுவிட வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
ஓய்வுபெற்ற நகராட்சி வருவாய்ப் பிரிவு அலுவலர்