பெஞ்சில் ஒலித்த கைபேசி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. பதில் எழுதாதது என் தவறுதான், கோபித்துக்கொள்ளாதே. இங்கே வீட்டில் எல்லோரும் நலம். உன் மகள் தேர்வில் முதலிடம் பெற்றதை நம் பழைய ரைட் ஹாஃப் சொன்னான். மனம் நிறைந்தது, அவளுக்கு என் ஆசிகளைச் சொல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சென்ற வாரம் நான் எங்கள் ஹாக்கி அணியின் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டேன். நம் கோல் கீப்பர் வாயிலாக அது கால், கை முளைத்து உன்னிடம் வந்து சேர்வதற்குள் நடந்ததை நானே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இப்படி அவசரப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் உரிமையாளர் கெட்டவர் அல்லர். மட்டையிலிருந்து மைதான வாடகை வரை எல்லாச் செலவையும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டவர் அவர். எங்கள் சென்டர் ஹாஃபுக்கு முழங்கால் சவ்வு கிழிந்தபோது மருத்துவச் செலவு முழுவதையும் கொடுத்துவிட்டு, அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். முதல் இரண்டு பருவங்களில் மாற்று ஆட்டக்காரர்களும் நானும் உட்காரும் பெஞ்சுப் பக்கம் அவர் எட்டிப் பார்த்ததே இல்லை. இந்தப் பருவத்தில் அவரே தேடிப் பிடித்து ஒரு முன்கள வீரனைக் கொண்டுவந்தார். பையன் நல்ல வேகம்; கோலுக்கு முன்னால் உள்ள வட்டத்துக்குள் பந்தோடு நுழைந்தால் கோல் அடிக்காமல் திரும்ப மாட்டான். அன்றிலிருந்துதான் தொல்லை தொடங்கியது.

அரையிறுதியில், நான்கு பகுதிகளில் இரண்டாம் பகுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. எதிரணியின் தடுப்பாட்டக்காரர்களைப் பந்து எடுக்கவிடாமல் அவர்களின் பாதியிலேயே நெருக்கிப் பிடிப்பது எங்கள் திட்டம். அப்படி ஓடுகிற முன்கள வீரர்களை ஐந்து நிமிடங்களுக்கு மேல் களத்தில் வைத்திருந்தால் ஆறாவது நிமிடத்தில் நெருக்கடி தளர்ந்துவிடும் என்பதை உனக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை வெளியே எடுத்து உள்ளே அனுப்பலாம் என்று விதி இடம் கொடுப்பதே இன்றைய ஹாக்கியின் வேகத்துக்கு அடிப்படை. நான் பையனை வெளியே எடுத்தேன். அவன் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதற்குள் மேலாளரின் கைபேசி ஒலித்தது. "அவன் ஏன் வெளியே உட்கார்ந்திருக்கிறான் என்று உரிமையாளர் மேலேயிருந்து கேட்கிறார்" என்று மேலாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆட்டம் முடிந்த பிறகு விளக்குகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்றாம் பகுதியில் ஆட்டம் 1-1 என்று சமநிலையில் இருந்தபோது எங்களுக்குக் கோலடிக்க நல்ல வாய்ப்பாக ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. பந்தை உள்ளே தள்ளுபவன், வட்டத்தின் விளிம்பில் நிறுத்துபவன், அதை மட்டையால் இழுத்து வீசி டிராக் ஃபிளிக் அடிப்பவன் ஆகிய மூவரும் மூன்று மாதங்களாக விடியற்காலையில் சேர்ந்து பயிற்சி செய்தவர்கள். பந்து எந்த வேகத்தில் வரும், எந்த இடத்தில் நிற்கும், அடிப்பவனின் கால் எங்கே ஊன்றும் என்பதெல்லாம் அவர்களுக்கு உடம்போடு ஊறிப்போனவை. கைபேசி மறுபடியும் ஒலித்தது. அவர் கொண்டுவந்த பையனே அடிக்க வேண்டும் என்பது உத்தரவு. நான் மறுத்திருக்க வேண்டும். இரண்டு பருவங்களாக அவர் செய்த நன்மைகளெல்லாம் அந்த ஒரு நொடியில் என் கண் முன்னால் வந்து நின்றதால் நான் இணங்கிவிட்டேன். நிறுத்துபவன் வழக்கமான இடத்தில்தான் பந்தை நிறுத்தினான். பையனின் காலடி அதற்குப் பொருந்தவில்லை. பந்து, தடுக்க முதலில் ஓடிவந்த எதிரணிக்காரனின் மட்டையில் பட்டுத் தெறித்தது. அங்கிருந்து புறப்பட்ட எதிர்த்தாக்குதல் எங்கள் வலையில் போய் முடிந்தது. 1-2 என்று தோற்றோம்.

தோல்விக்காக நான் விலகவில்லை. நம் மாஸ்டரிடம் விளையாடிய காலத்தில் நாம் தோற்காத தோல்வியா? நான்காம் பகுதியில் அந்தப் பையனை வெளியே வரச் சொல்லிக் கை காட்டினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி மேலே விருந்தினர் இருக்கைகளைப் பார்த்தான். அங்கே என்ன குறிப்புக் கிடைத்ததோ, அதன் பிறகுதான் எல்லைக்கோட்டை நோக்கி நடந்தான், ஓடக்கூட இல்லை. அவன் வந்து சேர்ந்தால்தான் மாற்று ஆள் உள்ளே போக முடியும். அத்தனை நேரமும் எங்கள் தாக்குதல் வரிசையில் ஓர் ஆள் குறைவு. இதைப் பார்த்த மற்ற பையன்களும் அடுத்தடுத்த மாற்றங்களின்போது ஒரு கணம் மேலே பார்க்கத் தொடங்கினார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஓர் அணி பதினைந்து நிமிடங்களுக்குள் கண் முன்னால் கலைந்துபோவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

காசு கொடுப்பவன் கேள்வி கேட்கக் கூடாதா என்று நீ உடனே வாதத்துக்கு வருவாய். 2023 ஆகஸ்டில் சென்னையில் ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டத்தைப் பார்க்கப் போன அன்றும் இதைத்தான் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருந்தாய். அந்த ஆட்டத்தையே நினைத்துப் பார். இடைவேளையில் மலேசியா 3-1 என்று முன்னணியில் இருந்தது. நம் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும், நீயும் நானும் உட்பட, யாரை மாற்ற வேண்டும் என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருந்தோம். அதில் ஒன்று களத்துக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம் அணியின் பயிற்சியாளர் கிரெய்க் ஃபுல்டன் தம் திட்டத்தைக் கைவிடவில்லை. மூன்றாம் பகுதி முடியும் தறுவாயில் ஒரே நிமிடத்துக்குள் இரண்டு கோல்கள் விழுந்தன. கடைசியில் 4-3 என்று வென்றோம். நீ என் தோளைப் பிடித்து உலுக்கியது இன்னும் வலிக்கிறது.

நம் தேசிய அணியின் வரலாற்றில் உரிமையாளர் என்று ஒருவரும் இல்லை. ஆனாலும் ஹாக்கிச் சங்கங்கள் உரிமையாளர்களைப் போலவே நடந்துகொண்டன என்பதை நீ மறுக்க முடியாது. 1998-ல் 32 ஆண்டுகளுக்குப் பிறகு ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்று திரும்பிய அணியில் அணித்தலைவர் தன்ராஜ் பிள்ளை உள்ளிட்ட பலரை ஒதுக்கினார்கள். பயிற்சியாளர் கௌஷிக்கையும் மாற்றினார்கள். நீ அன்று மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. 2002 உலகக் கோப்பையில் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே பயிற்சியாளர் செட்ரிக் டிசோசாவை நீக்கினார்கள்; நாம் பத்தாவது இடத்தில் முடித்தோம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருந்தபோது ஜெர்மனியிலிருந்து ஒரு புதிய பயிற்சியாளரை அழைத்துவந்தார்கள். வீரர்களின் பெயர்களை அவர் மனப்பாடம் செய்வதற்குள் போட்டியே வந்துவிட்டது, ஏழாவது இடம். 2015-ல் ஆன்ட்வெர்ப்பில், மலேசியாவுடனான ஆட்டம் முடிந்ததும் களத்துக்குள் வந்து வீரர்களைக் கடிந்துகொண்ட ஹாக்கி இந்தியா என்ற தேசியச் சங்கத்தின் அன்றைய தலைவரை வெளியே போகச் சொன்னதால்தான் தம் வேலை போனதாகப் பயிற்சியாளர் பால் வான் ஆஸ் சொன்னார். சங்கம் அதை மறுத்தது. யார் சொன்னது உண்மையாக இருந்தாலும், ரியோ ஒலிம்பிக்குக்கு ஓராண்டே இருந்த வேளையில் நாம் மறுபடியும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

இதோடு டோக்கியோ ஒலிம்பிக்கை ஒப்பிட்டுப் பார். 2021 ஜூலை 25 அன்று ஆஸ்திரேலியாவிடம் 1-7 என்று தோற்றோம். 2002-ல் சங்கத்தை நடத்தியவர்களின் கையில் அந்த முடிவு கிடைத்திருந்தால் மறுநாள் காலையே பயிற்சியாளர் கிரஹாம் ரீட் விமானம் ஏறியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் பெஞ்சிலேயே இருந்தார். பதினொரு நாள் கழித்து ஜெர்மனியிடம் 1-3 என்று பின்தங்கி, 5-4 என்று மீண்டு வந்து, 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கத்தைத் தொட்டோம். கடைசி ஆறு நொடியில் வந்த பெனால்டி கார்னரைக் கோல் கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்தபோது நீ தொலைபேசியில் அழுதாய், நானும் அழுதேன். அணியைத் தாங்கிவரும் ஒடிசா அரசு 2018 முதலே பணம் கொடுத்துவருகிறது. ஆனாலும் இன்னாரை இறக்கு என்று அந்த அரசு பெஞ்சுக்கு ஆள் அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

உன் வாதத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சுதந்திரம் என்ற பெயரில் சொந்தப் பிடிவாதத்தை நடத்திக்கொள்ளும் பயிற்சியாளர்களை நாம் இருவருமே பார்த்திருக்கிறோம். உரிமையாளர் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கட்டும். ஆட்டம் முடிந்த மறுநாள் எதிரே உட்காரவைத்து, ஏன் இவனை எடுத்தாய், ஏன் அவனை அனுப்பினாய் என்று வரி வரியாகக் கணக்குக் கேட்கட்டும். பருவம் முடிந்ததும் பிடிக்கவில்லையென்றால் அனுப்பிவிடட்டும். அவையெல்லாம் அவருடைய உரிமை. முதல் விசிலுக்கும் கடைசி விசிலுக்கும் நடுவில் உள்ள அறுபது நிமிடங்களை மட்டும் அவர் தொடக் கூடாது. மாற்றத்துக்கு நான் காட்டும் கையை ஒரு பையன் நம்ப வேண்டுமானால், அதற்கு மேலே இன்னொரு கை இல்லை என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது அந்த இன்னொரு காரணம். என் இடத்துக்கு உன்னை அழைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என் முகத்துக்காகத் தயங்காதே, ஏற்றுக்கொள். உன்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது, அந்தப் பிள்ளைகளை அந்நியர் யாரிடமும் விட எனக்கு மனமில்லை. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன், ஆட்ட நேரத்தில் பெஞ்சுக்குக் கைபேசி வரக் கூடாது என்று எழுத்திலேயே கேட்டு வாங்கு. நான் வாய்ப்பேச்சை நம்பி விட்டுவிட்டேன். அவர் மறுத்தால், நீ அவர் பக்கம் பேசுகிறவன் என்ற உரிமையோடு வாதாடிப் பார். என்னைவிட உன் சொல்லுக்கு அவர் செவி கொடுப்பார்.

அந்த முன்கள வீரனை ஒதுக்கிவிடாதே. மேலே பார்க்கும் பழக்கத்தை அவனுக்கு நாங்கள்தான் கற்றுக்கொடுத்தோம். அவனுக்குப் பெனால்டி கார்னர் அடிக்கவும் ஆசை உண்டு. நிறுத்துபவனோடு சேர்த்து இரண்டு மாதம் காலையில் வேலை வாங்கினால் அடிப்பான். லெஃப்ட் ஹாஃபுக்கு வலது கணுக்கால் இன்னும் வீங்குகிறது. கேட்டால் ஒன்றுமில்லை என்பான், நம்பாதே. என் குறிப்பேட்டைத் தனியாக அனுப்புகிறேன், பதினெட்டு பையன்களைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் புரியாவிட்டால் இரவு ஒன்பது மணிக்கு மேல் கூப்பிடு.

அன்புடன்,
உன் பழைய லெஃப்ட் இன்