சாரம் கட்டுவதற்கு முன் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசியைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஆனையூர் பக்கம் திரும்பிய தெருவெல்லாம் மாடி எடுக்கிறார்கள். சவுக்குக் கம்பில் சாரம், கட்டிய கயிறு பாதி இற்றுப்போனது, அதில் நின்றுதான் கொத்தனார் பூசுகிறார். போன மாதம் ஒருவர் விழுந்து இடுப்பு உடைந்து பெரியாஸ்பத்திரியில் கிடக்க, இங்கே வீட்டுக்காரரும் காண்ட்ராக்டரும் "உன் ஆள்தானே", "உங்க வீடுதானே" என்று வாசலில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கூலி கொடுத்து வேலை வாங்குபவர்தான் முதலாளி, இழப்பீடு முதலில் அவர் தலையில்தான். தான் குடியிருக்க வீடு கட்டுபவரைத் தொழில் நடத்துபவராகப் பொதுவாகச் சட்டம் பார்ப்பதில்லை. சரி, தப்பித்தோம் என்று உட்கார்ந்துவிட முடியாது. மேஸ்திரி இல்லாமல் நாமே தினக்கூலிக்கு ஆள் கூப்பிட்டால் முதலாளி நாம்தான். மின்கம்பி பால்கனியை ஒட்டிப் போவது தெரிந்தும் எச்சரிக்காமல் கம்பி தூக்கவிட்டு உயிர் போனால், தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் வழக்கு நம் மீதும் பாயலாம், 5 ஆண்டு வரை சிறை. செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்யப் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதோ, காண்ட்ராக்டர் மூலமாக இறக்கினாலும், கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி தனிக் குற்றம். "எது நடந்தாலும் காண்ட்ராக்டரே பொறுப்பு" என்று பத்திரத்தில் எழுதி வாங்கிப் பீரோவில் வைத்துக்கொள்கிறோமே, அது நமக்கும் அவருக்கும் உள்ள பேச்சு, விழுந்தவரின் குடும்பத்தையோ போலீஸையோ கட்டாது.

மாதக் கூலி 15,000 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டாலே, 30 வயதுக்காரர் இறந்தால் இழப்பீடு 15 லட்சத்தைத் தாண்டும். நாலு ஆளை வைத்துப் பிழைக்கும் மேஸ்திரி அதற்கு எங்கே போவார்?

இதற்கென்றே தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி இருக்கிறது, அரசுப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிலேயே வேலை முடியும் காலம்வரை போட்டுத் தருகிறார்கள். ஆள் எண்ணிக்கையையும் கூலியையும் குறைத்துக் காட்டாமல் போட வேண்டும், இல்லாவிட்டால் பணம் கேட்கும்போது தகராறுதான். டைல்ஸ் கலருக்குப் பத்துக் கடை ஏறி இறங்குகிறவர்கள் காண்ட்ராக்டரிடம் இந்த ஒரு காகிதத்தைக் கேட்பதில்லை.

பிளான் அப்ரூவலுக்கு எத்தனையோ நகல் கேட்கும் மாநகராட்சி, இந்த பாலிசி நகலையும் கேட்டால் என்ன? சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் இதைக் கட்டாயமாக்கினால் நல்லது.

- ஒரு வாசகர், ஆனையூர், மதுரை